கசியாமல் குறையும் கூலன்ட்

டிக்கியில் ஒரு பழைய தண்ணீர் பாட்டில் உருளாத டாக்ஸி தமிழ்நாட்டில் அரிது. காலையில் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டரில் குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, டேஷ்போர்டு பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுப்பது அம்பாசடர் காலத்து ஓட்டுநரின் அன்றாட வேலை. அந்தக் காலத்துக்கு அது சரியான பழக்கம்தான். சூடேறி விரிந்த தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியே தரையில் வடிந்துவிடும். வடிந்தது திரும்பி வராது. மறுநாள் ஊற்றினால்தான் உண்டு.

இன்றைய டீசல் கார்களுக்கு அந்தப் பழக்கம் பொருந்தாது. சூட்டில் விரியும் கூலன்ட் பக்கத்திலுள்ள ரிசர்வ் டேங்குக்குப் போகும்; எஞ்சின் ஆறியதும் அதே வழியில் திரும்பும். வெளியேற வழியில்லாமல் மூடப்பட்ட சுற்று அது. ஆண்டுக்கணக்கில் ஓடும்போது மட்டம் ஒரு விரல் இறங்கலாம், அதில் தவறில்லை. சில வாரங்களிலேயே ‘மேக்ஸ்’ கோட்டிலிருந்து ‘மின்’ கோட்டுக்கு வந்துவிட்டது என்றால் எங்கோ ஒரு கதவு திறந்திருக்கிறது என்று பொருள். “வெயில் காலம் சார், ஆவியாகியிருக்கும்” என்ற பதிலை ஏற்றுக்கொள்ளவே கூடாது.

சிக்கல் என்னவென்றால், பல சமயம் அந்தக் கதவு கண்ணுக்குத் தெரிவதில்லை. வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. எஞ்சின் சூடும் ஏறாது. ஆனாலும் மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த நிலையில் வண்டி பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, அரை லிட்டர் ஊற்றி அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால், “ஹெட் கேஸ்கெட் போயிருச்சுண்ணே, எஞ்சினைப் பிரிக்கணும்” என்று நேராகப் பெரிய வேலைக்குப் போய்விடுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மலிவான, எளிய, வரிசையான சோதனைகள் பல இருக்கின்றன.

முதலில் கூலன்ட் வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிடலாம். பெரும்பாலான கார்களில் இது தண்ணீரும் எத்திலீன் கிளைகாலும் ஏறக்குறையச் சரிபாதி கலந்த திரவம். துருவையும் அரிப்பையும் தடுக்கும் வேதிப்பொருள்கள் அதில் சிறிதளவு சேர்க்கப்பட்டிருக்கும். திறந்த பாத்திரத்தில் வைத்தால் இந்தக் கலவை சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஆனால் பிரஷர் குக்கரில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது: மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் கொதிநிலை 120 டிகிரியைத் தாண்டி மேலே போகிறது. மூடியின் தலையில் 0.9, 1.1 என்று ஏதோ ஓர் எண் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை பார் அழுத்தம் வரை அது தாங்கிப் பிடிக்கும் என்பதற்கான எண் அது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வளையம் இறுகி வெடித்தாலோ அழுத்தம் நிற்காது. கூலன்ட் உரிய சூட்டுக்கு முன்பே கொதித்து, ஆவியாக வெளியேறும். தரையில் ஒரு தடயமும் இருக்காது. சில நூறு ரூபாய் மூடியை மாற்றிப் பார்க்காமல் எஞ்சினைப் பிரித்த கதைகள் நம் ஊர்ப் பட்டறைகளில் ஏராளம்.

மூடிக்கும் முன்னால் செய்ய வேண்டியது அளவெடுப்பது. உண்மையிலேயே குறைகிறதா, எவ்வளவு வேகத்தில் குறைகிறது என்று தெரியாமல் காரணத்தைத் தேடுவதில் அர்த்தமில்லை. காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டேங்கின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். பக்கத்தில் கிலோமீட்டரையும் எழுதிவைக்கலாம். சூடான எஞ்சினில் பார்த்த மட்டத்தையும் ஆறிய எஞ்சினில் பார்த்த மட்டத்தையும் ஒப்பிட்டுப் பதறுகிறவர்கள் பலர். ரேடியேட்டர் வேலையோ ஹோஸ் மாற்றமோ சமீபத்தில் நடந்திருந்தால் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். உள்ளே சிக்கியிருந்த காற்று மெல்ல மெல்ல வெளியேறி, அந்த இடத்தைக் கூலன்ட் நிரப்பும்போது முதல் சில நாள்கள் மட்டம் இறங்கத்தான் செய்யும். அது கசிவில்லை. (எந்தக் காரணத்துக்காகவும் சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சியடித்தால் ஏற்படும் காயம் சாதாரணமானதல்ல.)

குறைவது உறுதியானால், அடுத்து வெளிக்கசிவு. வண்டிக்கு அடியில் ஈரத்தைப் பார்த்ததும் கூலன்ட் என்று முடிவுகட்ட வேண்டாம். சென்னைப் புழுக்கத்தில் ஏசி போட்டு ஓட்டிய எந்தக் காரும் நின்ற இடத்தில் தண்ணீர் சொட்டும். விரலில் தொட்டால் அது வெறும் தண்ணீர். கூலன்டுக்கு நிறம் உண்டு, வழுவழுப்பு உண்டு, தித்திப்பான ஒரு வாடையும் உண்டு. முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எத்திலீன் கிளைகால் நஞ்சு. அதை நக்கி நாயும் பூனையும் இறந்துபோகின்றன. தரையில் சிந்தினால் உடனே கழுவிவிடுவது நல்லது.

தரை காய்ந்து கிடப்பதாலேயே வெளிக்கசிவு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இன்றைய டீசல் கார்கள் பலவற்றில் எஞ்சினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கிறது. சொட்டுவது எல்லாம் அதில் தேங்கி, அங்கேயே காய்ந்துவிடும். வாட்டர் பம்பில் சீல் தேய்ந்தால் அதை அறிவிப்பதற்கென்றே ஒரு சிறு துளை வைத்திருக்கிறார்கள். ஆனால் டைமிங் பெல்ட் உறைக்குள் பம்ப் ஒளிந்திருக்கும் எஞ்சின்களில் அந்த அறிவிப்பு யார் கண்ணிலும் படாது. ரேடியேட்டரில் அலுமினியப் பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும் மடித்து இணைக்கப்பட்டிருக்கும் விளிம்பு இன்னொரு வழக்கமான இடம். சூட்டில் விரியும்போது மட்டும் அங்கே ஊறும், ஊறியது அந்தச் சூட்டிலேயே காய்ந்தும்விடும். மிஞ்சுவது பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ ஒட்டிக்கொண்டிருக்கும் உப்புப் படிவம். அனுபவமுள்ள மெக்கானிக் டார்ச்சை அடித்து முதலில் தேடுவது அந்தப் படிவத்தைத்தான்.

ஹீட்டரை யாரும் நினைப்பதில்லை. நம் ஊரில் கொடைக்கானல் போனால் ஒழிய அதைத் தொடுகிறவர் கிடையாது. ஆனால் நாம் போடாவிட்டாலும் பல கார்களில் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சிறு ரேடியேட்டர் வழியே கூலன்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அது கசிந்தால் கால் மிதியடிக்கு அடியில் கார்பெட் ஈரமாகும், முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் பிசுக்குப் போன்ற ஒரு படலம் படியும், காருக்குள் அந்தத் தித்திப்பு வாடை வரும்.

இவற்றையெல்லாம் கண்ணால் தேடிக் களைப்பதைவிட, பிரஷர் டெஸ்டர் என்ற கைப்பம்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் சொல்லும். ஆறிய எஞ்சினில் மூடி இருக்கும் இடத்தில் இதைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை காற்றடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் பெரும்பாலும் வெளிக்கசிவு இல்லை. இறங்கினால் எங்காவது சொட்டிக்கொண்டிருக்கும், தேடிப் பிடித்துவிடலாம். முடிந்தால் சில மணி நேரம் விட்டுவைப்பது நல்லது. சில கசிவுகள் அவ்வளவு சோம்பேறி. அதற்கும் அகப்படாவிட்டால் கூலன்டில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, ஓட்டிவிட்டு வந்து, புற ஊதா விளக்கடித்துப் பார்ப்பது உண்டு.

முள் இறங்குகிறது, ஆனால் வெளியே எங்கும் ஈரமில்லை. அப்படியானால் கூலன்ட் எஞ்சினுக்குள்ளேயே போகிறது. இங்கேதான் டீசல் எஞ்சினின் தனிக்குணம் வெளிப்படுகிறது.

தென்கொரியாவில் 2018 கோடையில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். சாலையில் ஓடிக்கொண்டிருந்த பிஎம்டபிள்யூ கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பற்றின. அந்த ஆண்டில் மட்டும் 40க்கும் மேற்பட்டவை. அதிகம் அடிபட்ட பெயர் 520டி என்ற டீசல் மாடல். சில வாகன நிறுத்தகங்கள் பிஎம்டபிள்யூ கார்களுக்கு இடம் தர மறுத்தன. ஜூலை மாதம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அறிவித்தது. ஆகஸ்டில், சோதனை முடிக்காத கார்கள் சாலைக்கே வரக் கூடாது என்ற நிலைக்கு அரசு போனது. அக்டோபரில் இந்த அழைப்பு உலகெங்கும் 16 லட்சம் டீசல் கார்களைத் தொட்டது.

இவ்வளவுக்கும் காரணம் ஈஜிஆர் கூலர் என்ற ஒரு சிறு பாகத்தில் ஏற்பட்ட கூலன்ட் கசிவு. டீசல் எஞ்சினில் உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க, வெளியேறும் புகையின் ஒரு பகுதியைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே அனுப்புகிறார்கள். பல நூறு டிகிரிச் சூட்டில் வரும் அந்தப் புகையை அப்படியே அனுப்ப முடியாது. அதனால் நடுவில் ஒரு கூலர். உள்ளே ஒரு பக்கம் கரிப்புகை, மெல்லிய உலோகச் சுவர், மறுபக்கம் கூலன்ட். ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் அந்தச் சுவர் விரிந்து சுருங்குகிறது. ஆண்டுகள் போகப்போக அது விரிசல் விடுவதில் வியப்பில்லை. கொரியாவில் எரிந்த கார்களில் விரிசல் வழியே கசிந்த கூலன்ட், கரியோடும் எண்ணெயோடும் சேர்ந்து பிசுபிசுப்பாகப் படிந்தது. நெடுந்தூர ஓட்டத்தில், குளிர்விக்கப்படாத புகைக்கான மாற்றுவழி திறந்த நேரத்தில், அந்தப் படிவம் கனன்று, பிளாஸ்டிக்கால் ஆன காற்றுக்குழல் தொகுதியை உருக்கியது. குறையைத் தெரிந்தும் நிறுவனம் மறைத்தது என்று அதே ஆண்டு டிசம்பரில் அரசின் கூட்டு விசாரணைக் குழு முடிவு சொல்ல, 1,120 கோடி வொன் அபராதம் விதிக்கப்பட்டது.

விரிசல் விட்ட கூலர் எல்லாம் தீப்பிடித்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். பெரும்பாலானவற்றில் கூலன்ட் சத்தமில்லாமல் எஞ்சினுக்குள் போய், எரிந்து, சைலன்சர் வழியே வெண்புகையாக வெளியேறிவிடுகிறது. அதனால்தான் ‘காரணமே தெரியவில்லை’ என்ற வகைக் குறைவில் ஈஜிஆர் கூலரை முதல் வரிசையில் சந்தேகிக்க வேண்டும் என்பது. ஓர் அடையாளம் இருக்கிறது. எஞ்சினை நிறுத்திய பிறகும் சுற்றில் அழுத்தம் சிறிது நேரம் நிற்பதால், கூலன்ட் விரிசல் வழியே வடிந்து உள்ளே தேங்கும். எனவே காலை முதல் ஸ்டார்ட்டில் தித்திப்பு வாடையோடு வெண்புகை கிளம்பும். சிறிது நேரத்தில் நின்றுவிடும். குளிர்காலக் காலையில் எல்லா வண்டியிலும் கொஞ்சம் நீராவி வரும் என்பதால் வாடைதான் முக்கியம்.

உறுதிப்படுத்துவதும் கடினமல்ல. கூலரைக் கழற்றி, துளைகளை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும். பஞ்சர் கடையில் டியூபைப் பார்க்கும் அதே முறைதான். வெந்நீராக இருந்தால் இன்னும் நல்லது. சில விரிசல்கள் சூட்டில்தான் வாய் திறக்கும். கூலருக்குப் போகும் இரு ஹோஸ்களையும் நேராக இணைத்து, ஈஜிஆர் பாதையை அடைத்து, சில நாள் ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. குறைவது நின்றுவிட்டால் ஆள் அகப்பட்டான். ஆனால் அப்படியே நிரந்தரமாக விட்டுவிடலாம் என்று யோசனை சொல்லும் பட்டறைக்கு ஒரு கும்பிடு. மாசுக் கட்டுப்பாட்டுக்காக வைத்த பாகத்தை முடக்கிவிட்டு ஓட்டுவது தீர்வாகாது.

அடுத்த சந்தேகம், எல்லோரும் முதலில் சொல்லும் ஹெட் கேஸ்கெட்; எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. பெட்ரோல் எஞ்சின் காற்றைச் சுமார் பத்து, பதினோரு மடங்கு அமுக்குகிறது என்றால், டீசல் எஞ்சின் 16 முதல் 18 மடங்கு அமுக்குகிறது. எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் எழும் அழுத்தம் இன்றைய காமன்ரெயில் எஞ்சின்களில் 150 பாரையும் தாண்டும். பக்கத்திலேயே ஓடும் கூலன்டின் அழுத்தமோ ஒரு பார் அளவுதான். இடையே கேஸ்கெட்டிலோ ஹெட்டிலோ மயிரிழை வழி கிடைத்தாலும் எரிந்த வாயு கூலன்டுக்குள் பாய்ந்துவிடும். பாய்ந்த வாயு சுற்றில் அழுத்தத்தை ஏற்ற, மூடி தன் கடமைப்படி திறந்து கூலன்டை வெளியே தள்ளும். ஊரில் ஓட்டும்போது எதுவும் தெரியாது. நான்கு பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கினால், டேங்க் மூடியைச் சுற்றி ஈரம். அதைப் பார்த்து மூடியை மாற்றுகிறவர்கள் உண்டு. உண்மையில் மூடி ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. நன்றாக ஓட்டிய வண்டியை இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்திப் பார்க்க வேண்டும். ஆறிய கூலன்ட் சுருங்கியிருக்கும். அழுத்தம் இருக்க வாய்ப்பில்லை, ஹோஸ் மெத்தென்று இருக்க வேண்டும். கல்லாக இறுகியிருந்து, மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று வாயு வந்தால் அது சிலிண்டரிலிருந்து வந்த வாயு என்றே கொள்ளலாம்.

பட்டறையில் இதையே வேதியியலால் சோதிப்பார்கள். கார்பன் டைஆக்சைடு பட்டால் நிறம் மாறும் நீல நிறத் திரவத்தை ஒரு குழாயில் ஊற்றி, டேங்க் வாயில் வைத்து, அங்கிருக்கும் காற்றை உறிஞ்சி அதன் வழியே விடுவார்கள். பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் மஞ்சளாகும். டீசலில் பெரும்பாலும் பச்சையோடு நின்றுவிடும். காரணம், டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேல் காற்றை எடுத்துக்கொள்கிறது; சும்மா நிற்கும்போது அதன் புகையில் கார்பன் டைஆக்சைடு குறைவு. எனவே நின்ற வண்டியில் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு “கேஸ்கெட் நல்லா இருக்கு” என்று சொல்வதை நம்ப வேண்டாம். மேட்டில் ஏற்றி ஓட்டிவிட்டு வந்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் குளோ பிளக் துளை வழியே சிறு கேமராவை விட்டுப் பார்க்கலாம். கூலன்ட் புகும் சிலிண்டரின் பிஸ்டன் தலை மட்டும் மற்றவற்றைப் போல் கரி படியாமல், ஆவியில் கழுவிவிட்டதுபோல் இருக்கும்.

எஞ்சின் ஆயில் வெளிறிய குழம்பாக மாறியிருந்தால்தான் கேஸ்கெட் போயிற்று என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பாதி உண்மை. கேஸ்கெட் எந்த இடத்தில் விட்டது என்பதைப் பொறுத்து, ஆயில் சுத்தமாக இருக்க கூலன்ட் மட்டும் எரிந்துகொண்டிருக்கலாம். மறுபுறம், பால் வாங்கக் கடைக்கு மட்டும் போய்வரும் வண்டியில் ஆயில் மூடிக்கடியில் ஈரம் உறைந்து வெளிறிப்போவது சாதாரணம். உண்மையிலேயே ஆயிலும் கூலன்டும் கலந்திருந்தால் கேஸ்கெட்டோடு ஆயில் கூலரையும் பார்க்க வேண்டும். ஓடும்போது ஆயிலின் அழுத்தமே அதிகம் என்பதால் ஆயில்தான் கூலன்டுக்குள் போகும். நிறுத்திய பிறகு கூலன்ட் ஆயிலுக்குள் இறங்கும். கலந்த ஆயிலோடு வண்டியை ஓட்டினால் பேரிங்குகள் போய்விடும்.

கேஸ்கெட்தான் என்று உறுதியாகி ஹெட்டை இறக்கினால், அடுத்து ‘பேசிங்’ என்ற பேச்சு வரும். ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்துவது. பெட்ரோல் எஞ்சினில் கை கூசாமல் செய்யும் இந்த வேலை, டீசலில் தயாரிப்பாளர்கள் பலர் அனுமதிக்காத ஒன்று. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே அவ்வளவு நெருக்கம். டீசல் எஞ்சின்கள் பலவற்றுக்குக் கேஸ்கெட்டே ஒன்றுக்கு மேற்பட்ட தடிமன்களில் வருகிறது. ஓரத்தில் உள்ள துளைகளோ வெட்டுகளோ எத்தனை என்பதை வைத்து அடையாளம் காண வேண்டும். பிஸ்டன் எவ்வளவு மேலெழுகிறது என்று அளந்து அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் கிடைத்ததை வாங்கிப் போட்டால் சில மாதங்களில் அதே வேலை திரும்பி வரும். இழுவிசைக்கு நீண்டுவிடும் வகை ஹெட் போல்ட்டுகளையும் புதிதாகத்தான் போட வேண்டும். பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர்கள் ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டி ஊர் போய்ச் சேர்ந்த கதைகள் உண்டு. தூள் ஊறி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். நடுவழியில் மாட்டிக்கொண்டவருக்கு அது புத்திசாலித்தனம்தான். டப்பாவில் விற்கும் ‘லீக் ஸ்டாப்’ திரவங்களின் வேலையும் அதுவே. ஆனால் ஓட்டை எது, ரேடியேட்டரின் நுண்குழல் எது என்று அவற்றுக்குத் தெரியாது. ஈஜிஆர் கூலர், ஹீட்டர், ஆயில் கூலர் எல்லாவற்றிலும் வழி குறுகலானது; அங்கெல்லாம் அடைத்துக்கொண்டால் ஒரு வேலை மூன்றாகும். போர்வெல் தண்ணீரை ஊற்றுவதும் மெதுவாக அதையேதான் செய்கிறது, உப்புப் படிய வைத்து. ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். கூலன்டின் நிறத்தை மட்டும் வைத்து வகையை முடிவுசெய்யவும் கூடாது. பச்சை, சிவப்பு என்பதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி எதுவும் இல்லை. காரின் கையேடு சொல்லும் வகையைத்தான் வாங்க வேண்டும்.

டேஷ்போர்டு முள்ளை நம்பி இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல கார்களில் எஞ்சின் சூடு கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். பல சிறிய கார்களில் முள்ளே கிடையாது, ஒரு விளக்கு மட்டும்தான். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். கூலன்ட் முழுக்கப் போய், அது வெறும் காற்றில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் சாதுவாகவே இருக்கக்கூடும்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களைக் கைவிட்டது. அதற்கு முந்தைய டீசல் ஸ்விஃப்ட்டுகளும் டிசையர்களும் இன்று பழைய கார் சந்தையில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அப்படி எந்த நிறுவனத்தின் டீசல் காரை வாங்கப் போனாலும், காலையில் நீங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். ஆறியிருந்தால் ஹோஸை அழுத்துங்கள், மூடியைத் திறந்து கூலன்டின் மட்டத்தையும் நிறத்தையும் பாருங்கள், பிறகு ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். பானெட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.